ஆந்தைக்கு எலி போட்டவர்கள்

ஐலா கர்வோனென் சட்டத்தை மீறியவள் என்று நீதிமன்றத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட பறவை ஒன்றை அனுமதியில்லாமல் கையில் வைத்திருந்தாளாம். அந்தப் பறவை சாவதற்குக் காரணமான ஆளின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். ஆனால் பாதிக் கதை என் உணவகத்தில் நடந்தது, மீதியில் பெரும்பகுதிக்கு நான் நேரில் சாட்சி. அதனால் நான் சொன்னால் கொஞ்சம் நேராக இருக்கும். கோபத்தோடு இருக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில், சுப்பீரியர் ஏரியின் வடகரையில் இருக்கிறது எங்கள் ஊர் ஓட்டர் கோவ். ஐலா மாவட்டத்துக்காகப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள். அகன்ற தோள், ஆண்களின் அளவில் பூட்ஸ், எதிரில் வருகிற லாரிக்காரனை ஒரு பார்வையிலேயே ஒதுங்க வைக்கும் முகம். கணவன் படகு எஞ்சின் பழுது பார்ப்பவன், பேச்சு குறைவு. அவன் பேசாததையும் சேர்த்து இவள் பேசுவாள். கரையோரச் சாலையும் அதிலிருந்து உள்ளே பிரிகிற மண் சாலைகளும் அவள் பொறுப்பு. குளிர்காலம் முழுக்க வேறு எவரையும்விட அதிகமாக அந்தப் பாதைகளில் திரிந்தவள் என்பதால், மார்ச் பிறந்து பறவைகள் திரும்பத் தொடங்கியதும் முதலில் அவள் கண்ணில்தான் படும்.

இங்கே வசந்தம் என்பது பனி உருகுவதல்ல. பனி ஏப்ரல் கடைசிவரை கிடக்கும். நிலத்திலிருந்து வீசும் காற்று ஒரு நாள் ஏரியின் பனிக்கட்டியை அப்படியே நடுவுக்குத் தள்ளிக்கொண்டு போகும். கரையோரம் கறுப்பாகத் தண்ணீர் தெரியும். அதுதான் வசந்தம். அந்தத் தண்ணீரில் பொன்கண் வாத்துகள் வந்து இறங்கும். கடற்காக்கைகள் கத்தும். சாலையோரப் புல்லில் பனிச்சிட்டுகள் கூட்டமாக எழுந்து எழுந்து உட்காரும். எங்கள் ஊர் வானொலியில் காலை வானிலைக்குப் பிறகு யார் என்ன பார்த்தார்கள் என்று கேட்பார்கள். ஆட்கள் போன் செய்து சொல்வார்கள். வசந்தத்தின் முதல் ராபின் பறவையை யார் பார்த்தது என்ற தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பிகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்த மார்ச்சில் ஐலா ஒரு பெரிய சாம்பல் ஆந்தையைப் பார்த்தாள். வடக்கே கனடாக் காடுகளில் வயல் எலி குறைந்துபோகிற வருடங்களில் மட்டும் அவை எங்கள் பக்கம் இறங்கும். வசந்தம் வந்ததும் கரையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போகும். ஆள் மடியில் உட்காரவைத்தால் மடி நிறைந்துவிடும் அளவு. தட்டு மாதிரி வட்ட முகம். பனிக்கு அடியில் எலி நகரும் சத்தத்தை மரத்தில் உட்கார்ந்தே கேட்டு, பனிக்குள் காலை விட்டு எடுத்துவிடும். ஐலா வானொலியில் சொன்னபோது இடத்தை மட்டும் சொல்லவில்லை. "எங்கன்னு கேக்காதீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்று போனை வைத்தாள். நான் அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இடத்தைச் சொன்னவன் மெர்ல் ஓஸ்ட்பி. ஏரிக்கரையில் விடுதி நடத்துகிறவன், எங்கள் ஊர்ச் சபையின் தலைவரும் அவன்தான். ஐலா எந்தச் சாலையில் எந்த நேரத்தில் போவாள் என்பது ஊருக்கே தெரியும். அவன் காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தான், சதுப்புக்காட்டுச் சாலையில் ஒரு கம்பத்தின் மேல் அது உட்கார்ந்திருந்தது. அன்று மதியமே விடுதியின் முகநூல் பக்கத்தில் படமும் வரைபடமும் போட்டு, அறைகள் காலியாக இருக்கின்றன என்று கீழே எழுதிவிட்டான்.

ஐலா நேரே அவன் விடுதிக்குப் போய் நின்றாள். அவன் கோபப்படவில்லை. அவனுக்குக் கோபமே வராது, அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத விஷயம்.

"மார்ச் மாசம் என் ரூம்ல ஈ கூட தங்காது ஐலா. ஒரு ஆந்தையால நாலு பேரு வந்தா ஊருக்குத்தானே நல்லது?" என்றான்.

"ஊருக்கா, உனக்கா?" என்று கேட்டாள்.

"நானும் ஊருல ஒருத்தன்தானே," என்று சிரித்தானாம்.

நாலு பேர் இல்லை, கூட்டமே வந்தது. தெற்கே நகரத்திலிருந்து, பக்கத்து மாநிலங்களிலிருந்து, ஆளுயரக் கேமராக்களோடு வந்தார்கள். அதில் பெரும்பாலானவர்கள் நல்லவர்கள். தூரத்தில் காரை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு, என் கடையில் காட்டரிசி சூப் குடித்துவிட்டுப் போனார்கள். ஒரு வயதான அம்மாள் ஆந்தையைப் பார்த்த சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர்களைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் கிடையாது.

என் புகார் டேரன் விட்லாக் என்ற ஆளைப் பற்றி. ஆட்களைக் கூட்டி வந்து படம் எடுக்கச் சொல்லிக் கொடுப்பது அவன் தொழில். ஐந்தாறு பேர் பின்னால் வர, என் கடைக்குள் நுழைந்து ஒரு அட்டைப்பெட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் வைத்தான். பெட்டியில் ஓட்டைகள். நான் காபி ஊற்றிக்கொண்டே போனபோது உள்ளே பிறாண்டுகிற சத்தம் கேட்டது.

"இதுல என்ன?" என்று கேட்டேன்.

"எலிங்க. குளிர்ல விறைச்சுடும், கொஞ்ச நேரம் சூட்டுல இருக்கட்டும்னு வச்சேன்," என்றான், ஏதோ ஈரக் கையுறையைக் காய வைத்தவன் மாதிரி.

சாப்பாடு பரிமாறுகிற இடத்தில் எலி. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே வைத்தேன். திரும்பி வரும்போது ஐலா தன் இடத்தைவிட்டு எழுந்து அவன் மேசைக்கு முன்னால் நின்றிருந்தாள். வேலை முடிந்து, வழக்கமாகச் சாப்பிடும் ஆப்பிள் பை பலகாரத்துக்காக வந்திருந்தாள். முள்கரண்டி இன்னும் கையில் இருந்தது.

எலியை என்ன செய்வான் என்று அவள் கேட்டாள். அவன் கொஞ்சமும் கூச்சப்படாமல் விளக்கினான். கடையில் வாங்கிய வெள்ளை எலியைப் பனியில் விடுவானாம். அது ஓடத் தெரியாமல் அங்கேயே நிற்குமாம். ஆந்தை இறக்கையை விரித்துக்கொண்டு கேமராவைப் பார்த்து நேராக வருமாம். மரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆந்தையைப் படம் எடுக்கவா இவர்கள் இவ்வளவு தூரம் வந்தார்கள் என்று கேட்டான். அதோடு, பாவம் பசியில் வந்த பறவைக்கு ஒரு வாய்ச் சோறு போடுவது போலத்தான் இது என்றும் சொன்னான்.

"அது பசியில இல்ல. நான் தினம் பாக்குறேன், நல்லாத்தான் வேட்டையாடுது," என்றாள் ஐலா. "நீங்க ரோட்டோரமா நின்னு எலி போட்டா, இனிமே எந்த வண்டி நின்னாலும் அது ரோட்டுக்கு வரும். அங்க லாரி போகுது."

"மேடம், இதுல சட்டப்படி ஒரு தப்பும் இல்ல. வேணா கேட்டுப் பாருங்க."

"சட்டத்தப் பத்தி யாரு பேசுனா? நான் உங்களப் பத்திப் பேசுறேன்."

அவன் கூட வந்தவர்களில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவர்கள் சாப்பாட்டு அட்டையைப் பார்த்தார்கள். விட்லாக் எழுந்து, வேறு கடை பார்க்கலாம் என்று அவர்களைக் கூட்டிக்கொண்டு போனான். ஊரில் வேறு கடை கிடையாது. மெர்லின் விடுதியில் ரொட்டி கிடைத்திருக்கும்.

ஐலா விசாரித்துப் பார்த்தாள். அவன் சொன்னது உண்மைதான், எலி போடுவதற்குத் தடை எதுவும் இல்லை. வனவிலங்கு அதிகாரியின் பெயர் ஜோடி; நல்ல பெண், எங்களில் பாதிப் பேரின் பிள்ளைகளோடு படித்தவள். தனக்கும் அது பிடிக்கவில்லை, ஆனால் கை கட்டப்பட்டிருக்கிறது என்று வருத்தத்தோடு சொன்னாளாம். ஐலாவுக்கு அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அடுத்து பனி கொட்டிய காலையில் அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். சதுப்புக்காட்டுச் சாலையில் வண்டிகள் ஒதுங்கி நிற்க ஓரிடம் உண்டு. விட்லாக்கின் ஆட்கள் நின்று எலி விடுவது அங்கேதான். வழியில் இருந்த பனி முழுவதையும் லாரியின் பக்கவாட்டில் இருக்கும் பனி தள்ளும் தகட்டால் கொண்டுவந்து அந்த இடத்தில் குவித்தாள். ஒரு வீட்டுக் கூரை உயரம் இருக்கும். அவர்கள் வந்து பார்த்தபோது காரை நிறுத்த இடமில்லை. எங்கள் கடையில் அன்று சிரிப்பு அடங்கவே இல்லை. பனியை எங்கேயாவது போட்டுத்தானே ஆகணும் என்று ஐலா முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொன்னாள்.

விட்லாக் மெர்லிடம் சொன்னான். மெர்ல் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தான். மேலாளர் ஐலாவைக் கூப்பிட்டு, சொந்தப் பகைக்கு அரசாங்க வண்டியைப் பயன்படுத்தினால் வேலை போகும் என்று எச்சரித்து, குவித்ததை அவள் கையாலேயே அகற்ற வைத்தார். அவள் அகற்றினாள். இத்தனை வருடத்தில் அவள் வேலையைப் பற்றி வந்த முதல் புகார் அது. என் கடைக்கு வந்து உட்கார்ந்தபோது ஆப்பிள் பை வேண்டாம் என்றாள். அவள் அதை வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

அதற்குள் ஆந்தை மாறிவிட்டிருந்தது. கார் நிற்கும் சத்தம் கேட்டாலே கம்பத்திலிருந்து எழுந்து சாலைக்கு வந்தது. தபால் வண்டிக்கும் வந்தது. பள்ளிப் பேருந்துக்கும் வந்தது. காட்டுப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த பறவை, முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டது.

ஊர்ச் சபையின் வருடக் கூட்டம் மார்ச்சில்தான் நடக்கும். ஊரில் குடியிருக்கிற யாரும் வந்து பேசலாம், கை தூக்கலாம். அந்தச் சாலையில் வண்டி நிறுத்துவதைத் தடை செய்ய வேண்டும் என்று அங்கே கேட்கப் போவதாக ஐலா சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டம் நடக்கவிருந்த அன்று மதியம்தான் அது நடந்தது.

கேஸ் லாரி ஓட்டும் ஆல்வின் வீடுகளுக்கு கேஸ் நிரப்பிவிட்டு சதுப்புக்காட்டுச் சாலையில் வந்துகொண்டிருந்தான். வளைவு தாண்டியதும் இரண்டு பக்கமும் கார்கள். மெதுவாகத்தான் வந்தான், அவன் எப்போதும் மெதுவாக வருகிறவன், அதற்காகவே அவனைத் திட்டுகிறவர்கள் உண்டு. சாலைக்கு இந்தப் பக்கம் கம்பத்தில் ஆந்தை. அந்தப் பக்கம் விட்லாக்கும் அவன் ஆட்களும். அவர்களுக்கு முன்னால் பனியில் எலி. லாரி வருவது விட்லாக்குக்குத் தெரிந்தது. ஆல்வின் அதை சத்தியம் செய்து சொல்கிறான்: அந்த ஆள் திரும்பி என் லாரியைப் பார்த்தான், பிறகு திரும்பவும் கேமராவுக்குள் குனிந்துகொண்டான். ஆந்தை தாழப் பறந்து சாலையைக் கடந்தது. ஆல்வின் பிரேக் போட்டான். பனியில் கேஸ் லாரி அப்படி நின்றுவிடாது.

ஆல்வின் இறங்கி ஓடியபோது அதற்கு இன்னும் உயிர் இருந்ததாம். ஒரு இறக்கையை மட்டும் அசைத்தது. அவன் தொப்பியைக் கழற்றி, என்ன செய்வதென்று தெரியாமல் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். அப்போதும் அவன் முதுகுக்குப் பின்னால் படம் எடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்சம் நகர முடியுமா, நிழல் விழுகிறது என்று யாரோ கேட்டார்கள். யார் என்று ஆல்வின் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தான் இன்று ஜெயிலில் இருப்பேன் என்கிறான்.

ஐலா வந்து சேர்ந்தபோது கார்கள் போய்விட்டிருந்தன. சாலை நடுவில் ஆல்வின் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தான். மேலே மரங்களில் அண்டங்காக்கைகள் கூட ஆரம்பித்திருந்தன. அவள் தன் மேல்சட்டையைக் கழற்றி ஆந்தையைச் சுற்றி, தன் லாரியில் பக்கத்து இருக்கையில் வைத்தாள். ஆல்வினை எழுப்பி, முகம் கழுவ வைத்து, வீட்டுக்கு அனுப்பினாள்.

சாயங்காலம் ஊர்க்கூடத்தில் நாற்காலி போதவில்லை. ஜல்லி போடுவது, தீயணைப்பு வண்டிக்கு டயர், கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவது என்று மெர்ல் ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு போனான். அதிகாரி ஜோடியும் ஓரத்தில் இருந்தாள், வசந்தத்தில் குப்பை எரிப்பது பற்றிப் பேச வந்தவள். ஐலாவின் முறை வந்தது. அவள் பேசவில்லை. முன்னால் நடந்து போய், மெர்லின் காகிதங்களுக்கு மேலேயே மேல்சட்டையை வைத்து விரித்தாள்.

அவ்வளவு பெரிய பறவை அவ்வளவு குறைவான இடத்தில் கிடந்தது. மஞ்சள் கண்கள் பாதி திறந்திருந்தன.

"ஊருக்கு நல்லதுன்னு சொன்னல்ல மெர்ல். இந்தா," என்றாள்.

மெர்லின் முகம் சிவந்தது. நடந்தது வருத்தம்தான், ஆனால் காட்டுப் பறவை சபையின் விஷயமல்ல, விருந்தாளிகளைப் பகைத்துக்கொண்டு ஊர் எப்படிப் பிழைக்கும் என்று ஆரம்பித்தான். பின்வரிசையிலிருந்து ஆல்வின் எழுந்தான். கூட்டத்தில் அவன் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"அதக் கொன்னது என் லாரி. என்னைய என்ன வேணா சொல்லுங்க. ஆனா அந்த ஆளு என்னப் பாத்தான். பாத்துட்டுக் குனிஞ்சுக்கிட்டான்," என்றான். சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

கை தூக்கச் சொன்னார்கள். அந்தச் சாலையில் குளிர்காலமும் வசந்தமும் வண்டி நிறுத்தக் கூடாது, ஊர்ச் சாலைகளிலிருந்து காட்டு விலங்குக்கு இரை போடக் கூடாது என்று தீர்மானம். எதிர்த்துக் கை தூக்கியவர்கள் மெர்லும் அவன் மச்சானும் மட்டும். மச்சான்கூட மனைவி திரும்பிப் பார்த்ததும் கையை இறக்கிவிட்டான்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கதையைச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். கூட்டம் கலையும்போது ஜோடி ஐலாவிடம் வந்தாள். கண்ணைப் பார்க்க முடியாமல் நின்றாள்.

"நீங்க அத எடுத்திருக்கக் கூடாது ஐலா. செத்ததா இருந்தாலும் யாரும் கையில வச்சிருக்கக் கூடாது. எங்களக் கூப்பிட்டிருக்கணும்."

"அண்டங்காக்கா தின்னட்டும்னு விட்டுட்டு வரவா?"

"இத்தனை பேர் முன்னாடி மேசையில வச்சுட்டீங்க. நான் பாக்கலன்னு சொல்ல முடியாது."

பிறகு தெரிந்தது, மெர்ல் ஜன்னலோரம் நின்றபடி, சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று ஜோடியிடம் கேட்டிருக்கிறான். ஜோடி அங்கேயே குற்றச்சீட்டு எழுதினாள். ஆந்தையை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். எங்கேயோ ஒரு பல்கலைக்கழகத்தின் உறைபெட்டியில் இருக்கும் இப்போது. எலி போட்டவன் அதே நேரத்தில் நெடுஞ்சாலையில் தெற்கே போய்க்கொண்டிருந்தான், எந்தத் தாளும் இல்லாமல்.

நாங்கள் ஒரு கார் நிறைய ஆட்கள் நீதிமன்றத்துக்குப் போனோம். நீதிபதி கதை முழுவதையும் கேட்டார், தலையை ஆட்டினார், சட்டத்தில் இருப்பது இருப்பதுதான் என்று குறைந்தபட்ச அபராதம் போட்டார். நாங்கள் கட்டுகிறோம் என்றோம். ஐலா விடவில்லை. எடுத்தது நான், கட்டுவது நான், திரும்ப நடந்தாலும் திரும்பவும் எடுப்பேன் என்று நீதிபதியின் முகத்துக்கு நேரேயே சொன்னாள். கடைசிப் பகுதி கேட்காதது போல அவர் அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

மாவட்ட அலுவலகம் அவளைக் கரையோரச் சாலையிலிருந்து எடுத்து, ஜல்லிக் குழியில் லோடு எண்ணுகிற வேலையில் போட்டது. தண்டனை இல்லை, மாற்றம்தான் என்றார்கள். அந்தக் குழியிலிருந்து ஏரி தெரியாது. ஏப்ரலில் கொக்குகள் கூட்டமாக வடக்கே போனபோது அவள் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, தூசிக்கு நடுவில் நிமிர்ந்து நின்றாள் என்று அங்கே வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள்.

விட்லாக் அன்று எடுத்த படத்தைத் தன் முகநூல் பக்கத்தில் போட்டான். ஆந்தை இறக்கையை விரித்து, கேமராவுக்கு நேராக வருகிறது. படத்தின் ஓரத்தில் வெட்டப்படாமல் மங்கலாக ஒரு வெள்ளைக் கறை; அது ஆல்வினின் லாரி. எத்தனையோ ஆயிரம் பேர் அதற்கு இதயம் போட்டிருந்தார்கள். நான் கீழே நடந்ததை எழுதினேன். அழித்துவிட்டான். மறுபடி எழுதினேன். என்னைத் தடுத்துவிட்டான். இப்போது என் தங்கை பெயரிலிருந்து எழுதுகிறேன்.

அடுத்த குளிர்காலம் கரையோரச் சாலையில் புதிதாகப் போட்ட ஓட்டுநர் முதல் பெரிய பனியிலேயே லாரியைப் பள்ளத்தில் இறக்கினான். இரண்டாவது பனியில் இன்னொரு பள்ளம். மேலாளர் ஐலாவுக்குப் போன் செய்தார். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. புகார்த் தாளைக் கோப்பிலிருந்து எடுத்த பிறகு கூப்பிடுங்கள் என்று வைத்துவிட்டாள். எடுத்தார்கள்.

சதுப்புக்காட்டுச் சாலையில் இப்போது தடைப் பலகை நிற்கிறது. மெர்ல் இன்னும் சபைத் தலைவர்தான், பலகைக்குப் பெயின்ட் அடித்ததே அவன்தான் என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்கிறான். பக்கத்து ஊரின் சாலைகளில் பலகை கிடையாது. விட்லாக் இப்போது ஆட்களை அங்கே கூட்டிப் போகிறான்.